காரின் ஹார்ன்: ஒலி பிறக்கும் விதமும் பழுது நீக்கும் வழியும்

காரின் ஹார்ன் மின்சாரத்தை அதிர்வாகவும், அதிர்வை ஒலியாகவும் மாற்றும் கருவி. உள்ளங்கை அகலமுள்ள அதன் உலோகக் கூட்டுக்குள் ஒரு கம்பிச்சுருள், அதன் நடுவே ஓர் இரும்பு மையம், மெல்லிய வில்லெஃகுத் தகடு, தொட்டும் விலகியும் மின்சாரத்தைக் கொடுத்து நிறுத்தும் ஒரு சோடி பாயின்ட்டுகள் ஆகியவை இருக்கின்றன. பெரும்பாலான கார்களில் இது முன்பக்க கிரில்லுக்குப் பின்னாலோ, பம்பரின் உள்பக்கத்திலோ பொருத்தப்பட்டிருக்கும். மழைநீரும் சேறும் புழுதியும் நேராக வந்து தாக்கும் இடம் அது. ஆகவே ஹார்னும் அதற்குப் போகும் வயர்களும் காலப்போக்கில் பழுதடைவது இயல்பு.

ஹார்ன் ஒலிக்கவில்லை என்றவுடன் புதிய ஹார்ன் வாங்கி மாட்டுவது பரவலாக உள்ள வழக்கம். ஆனால் குறை ஹார்னுக்குள்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் ஃபியூஸ், ரிலே, வயர்கள், அவற்றை ஹார்னோடு இணைக்கும் கப்ளர் ஆகியவற்றைக் கடந்து ஹார்னை அடைந்து, எர்த் எனப்படும் காரின் உலோக உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்றில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் ஹார்ன் ஊமையாகும், அல்லது குரல் கம்மும். எனவே ஹார்னைப் பழுதுபார்ப்பது என்பது மின்னோட்டத்தின் வழியை வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டே போவதுதான். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், இரண்டு துண்டு வயர், ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், மெல்லிய உப்புத்தாள் ஆகியவை இருந்தால் இந்த வேலையில் பெரும்பகுதியை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

ரப்பர் பந்திலிருந்து மின்காந்தத்துக்கு

தொடக்ககால மோட்டார் வாகனங்களில் ரப்பர் பந்தைக் கையால் அமுக்கி ஒலியெழுப்பும் ஹார்ன்கள் இருந்தன. இந்தியச் சாலைகளில் பழைய லாரிகளிலும் ஆட்டோ ரிக்‌ஷாக்களிலும் அவை நெடுங்காலம் நீடித்தன. பந்திலிருந்து வெளியேறும் காற்று ஒரு மெல்லிய உலோக நாக்கை அதிரச்செய்து ஒலி எழுப்பும். ஒலியின் வலிமை கையின் வலிமையைப் பொறுத்தது.

மின்சாரத்தால் ஒலிக்கும் ஹார்ன்களில் முதலில் பெரும்புகழ் பெற்றது கிளாக்ஸன். அமெரிக்கரான மில்லர் ரீஸ் ஹட்சிசன் வடிவமைத்த இது 1908இல் சந்தைக்கு வந்தது. காது கேளாதோருக்காக மின்சாரத்தால் இயங்கும் செவித்துணைக் கருவியைத் தொடக்கத்திலேயே உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். கிளாக்ஸனில் ஒரு சிறு மோட்டார் பற்சக்கரத்தைச் சுழற்றும். அந்தப் பற்கள் எஃகுத் தகட்டின் நடுவிலுள்ள குமிழை அடுத்தடுத்துத் தட்ட, தகடு அதிர்ந்து உரத்த கரகரப்பான ஒலி எழும். சுழலும் பாகங்கள் இருந்ததால் தேய்மானமும் பராமரிப்பும் கூடுதல். பின்னர் மோட்டாருக்குப் பதிலாக மின்காந்தமே தகட்டை நேராக அதிரச்செய்யும் அமைப்பு நிலைபெற்றது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இந்த வகைதான்.

நொடிக்கு 400 முறை

மின்காந்த ஹார்னின் இயக்கம் பழைய மின்சார அழைப்பு மணியின் இயக்கமே. கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது அதன் நடுவிலுள்ள இரும்பு மையம் காந்தமாகிறது. எஃகுத் தகட்டின் நடுவில் ஆர்மேச்சர் எனப்படும் இரும்புத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். காந்தம் அதை இழுக்க, தகடு உள்நோக்கி வளைகிறது. உள்ளே வரும் ஆர்மேச்சர் பாயின்ட்டுகளில் ஒன்றைத் தள்ளிப் பிரிக்கிறது. பாயின்ட்டுகள் பிரிந்ததும் மின்சாரம் நிற்கிறது, காந்தம் தன் பிடியை விடுகிறது, தகடு வில்போல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. உடனே பாயின்ட்டுகள் மீண்டும் தொட்டுக்கொள்ள, மின்சாரம் மறுபடியும் பாய்கிறது. ஹார்ன் பட்டனை அமுக்கியிருக்கும் வரை இந்தச் சுழற்சி தொடரும். சாதாரணமான கார் ஹார்னில் இது நொடிக்கு 400 முதல் 500 முறை நிகழ்கிறது.

இந்த அமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கம்பிச்சுருளின் மின்தடை ஒரு ஓம் அளவில்தான் இருக்கும். ஓம் விதிப்படி 12 வோல்ட்டில் அதன் வழியே 12 ஆம்பியர் பாய வேண்டும். ஆனால் ஒலிக்கும்போது ஒரு ஹார்ன் எடுத்துக்கொள்வது சுமார் 3 முதல் 6 ஆம்பியர் மட்டுமே. பாயின்ட்டுகள் ஒவ்வொரு சுழற்சியிலும் சிறிது நேரம் திறந்திருப்பது இதற்கு ஒரு காரணம். சுருளின் தூண்டல் பண்பு மின்னோட்டத்தைச் சட்டென்று உச்சத்துக்கு ஏறவிடாமல் தடுப்பது இன்னொரு காரணம். பாயின்ட்டுகள் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போனால் முழு மின்னோட்டமும் இடைவிடாமல் பாயும். அப்போது ஒரே ஒரு ‘டக்’ ஒலியோடு ஹார்ன் அடங்கிவிடும், சுருள் சூடாகும், ஃபியூஸும் போகலாம்.

மின்னோட்டம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் சுருளில் சேர்ந்திருந்த காந்த ஆற்றல் பாயின்ட்டுகளுக்கு நடுவே தீப்பொறியாகப் பாய முயலும். அதைத் தணிப்பதற்காக ஒரு மின்தடையையோ மின்தேக்கியையோ பக்கவாட்டில் இணைத்திருப்பார்கள். பாயின்ட்டுகளின் முனையில் உருகுநிலை மிக அதிகமான டங்ஸ்டன் உலோகத்தைப் பயன்படுத்துவதும் இதற்காகவே. அப்படியிருந்தும் ஆண்டுக்கணக்கில் பொறி பட்டுப்பட்டு அந்த முனைகள் கரியும், குழி விழும். பழைய ஹார்னின் குரல் மாறுவதற்கு இது முக்கியக் காரணம்.

தட்டு ஹார்ன், நத்தை ஹார்ன்

கார்களில் இரு வடிவ ஹார்ன்கள் உண்டு. முதலாவது தட்டு வடிவம். இதில் ஆர்மேச்சர் இரும்பு மையத்தை ஒவ்வொரு முறையும் மோதும்படி வடிவமைத்திருப்பார்கள். அந்த மோதல், தகட்டோடு இணைந்திருக்கும் இன்னொரு வட்டத் தட்டை 2000 ஹெர்ட்ஸ் அளவிலும் அதற்கு மேலும் அதிரவைக்கிறது. மனிதக் காது மிக நுட்பமாக உணர்வது சுமார் 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை. எஞ்சின், டயர் ஆகியவற்றின் இரைச்சலில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. எனவே தட்டு ஹார்னின் கூர்மையான ஒலி போக்குவரத்து இரைச்சலைத் துளைத்துக்கொண்டு கேட்கும்.

இரண்டாவது, நத்தை ஓடுபோலச் சுருண்ட குழல் உள்ள வடிவம். இதில் ஆர்மேச்சர் மையத்தை மோதாது. தகட்டின் அதிர்வு குழலுக்குள் இருக்கும் காற்றை ஒத்ததிர்வு கொள்ளச்செய்கிறது. 400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 85 சென்டிமீட்டர். அதற்கு ஈடுகொடுக்கும் நீளமான குழலைச் சிறிய இடத்தில் அடக்குவதற்காகவே சுருட்டி வைக்கிறார்கள். நாதஸ்வரத்தின் அணைசைப் போலக் குழலின் வாய் விரிந்துகொண்டே போவதால், உள்ளே பிறந்த ஒலி வெளிக்காற்றோடு நன்றாக இணைந்து தொலைவு வரை பரவுகிறது. இந்த வகையின் ஒலி சற்றுக் கனமாகவும் இனிமையாகவும் இருக்கும்.

பல கார்களில் இரண்டு ஹார்ன்கள் சோடியாக இருக்கின்றன. ஒன்று சுமார் 400 ஹெர்ட்ஸிலும் மற்றது சுமார் 500 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம் 4:5. கர்நாடக இசையில் ஷட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள விகிதமும் இதுவே. அதனால்தான் இரண்டு ஹார்ன்களும் சேர்ந்து ஒலிக்கும்போது காதுக்கு நிறைவாக இருக்கிறது. இரண்டில் ஒன்று நின்றுபோனால் ஒலி மெலிந்து தனிக்குரலாகக் கேட்கும். காரை ஓட்டுபவர் இந்த மாற்றத்தைக் கவனித்தாலே பழுதை ஆரம்பத்தில் பிடித்துவிடலாம்.

மின்சாரம் வரும் வழி

ஹார்ன் சுற்றில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று பெரிய மின்னோட்டம் பாயும் வலுக்கிளை: பேட்டரி, ஃபியூஸ், ரிலேயின் பாயின்ட், ஹார்ன், எர்த் என்று போவது. மற்றது ரிலேயை இயக்கும் சிறு மின்னோட்டக் கிளை: பேட்டரி, ரிலேயின் சுருள், ஸ்டீயரிங்கில் உள்ள பட்டன், எர்த் என்று போவது. இரண்டு ஹார்ன்கள் சேர்ந்து 12 ஆம்பியர் வரை எடுக்கலாம். ரிலேயின் சுருளுக்கோ 0.2 ஆம்பியருக்கும் குறைவாகவே போதும். ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் மெல்லிய பட்டனையும் ரிப்பன் கேபிளையும் பெரிய மின்னோட்டத்திலிருந்து காப்பதே ரிலேயின் வேலை.

பல நாட்டுத் தயாரிப்புகளிலும் ரிலேயின் கால்களுக்கு ஒரே எண்களே வழங்குகின்றன. 85, 86 ஆகியவை சுருளின் முனைகள். 30 பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் முனை. 87 ஹார்னுக்குப் போகும் முனை. இந்த நான்கு எண்களை நினைவில் வைத்திருந்தால் சோதனை பாதி எளிதாகிவிடும். சில சிறிய கார்களின் அடிப்படை மாடல்களில் ரிலே இல்லாமல் பட்டன் வழியாகவே ஹார்னின் மின்சாரம் போகும். அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் பட்டனின் சமிக்ஞை ஒரு கணினிப் பெட்டிக்குப் போய், அது ஹார்னை இயக்கும். காரோடு வந்த கையேட்டில் ஃபியூஸ் பெட்டியின் வரைபடம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

முதல் கேள்வி: ரிலே ‘டிக்’ என்கிறதா?

ஹார்ன் சிறிதும் ஒலிக்காதபோது முதலில் பேட்டரியைப் பார்க்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்கையில் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஹெட்லைட் மங்கலாகவோ, ஸ்டார்ட்டர் சோம்பலாகவோ இருந்தால் குறை ஹார்னில் இல்லை, பேட்டரியில்.

அடுத்தது ஃபியூஸ். கார்களில் உள்ள தட்டை ஃபியூஸ்களின் நிறமே அவற்றின் அளவைச் சொல்லும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். வெளியே எடுத்துப் பார்த்தால் ஒளி ஊடுருவும் உடலுக்குள் வளைந்த உலோகப் பட்டை தெரியும். அது அறுந்திருந்தால் ஃபியூஸ் போய்விட்டது என்று பொருள். அதே அளவுள்ள ஃபியூஸையே மாற்ற வேண்டும். ஃபியூஸ் காப்பது ஹார்னை மட்டுமல்ல, அதற்குப் போகும் வயரையும்தான். பெரிய ஃபியூஸ் போட்டால், அடுத்த முறை கோளாறு வரும்போது ஃபியூஸுக்குப் பதிலாக வயர் உருகும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ வயர் உரசி எர்த்தைத் தொடுகிறது, அல்லது ஹார்னின் பாயின்ட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது ஃபியூஸைப் போடுவதில் பயனில்லை.

ஃபியூஸ் நன்றாக இருந்தால், ஒருவர் ஹார்ன் பட்டனை அமுக்க, இன்னொருவர் ரிலேயின் மேல் விரலை வைத்துக் கவனிக்க வேண்டும். ‘டிக்’ என்ற சிறு ஒலியும் விரலில் ஒரு துடிப்பும் உணரப்பட்டால் பட்டனும் ஸ்டீயரிங் கேபிளும் ரிலேயின் சுருளும் நன்றாக இயங்குகின்றன. அப்படியானால் தேட வேண்டியது வலுக்கிளையில் மட்டுமே. ‘டிக்’ இல்லையென்றால் குறை ரிலேயிலோ பட்டன் பக்கத்திலோ இருக்கிறது. இந்த ஒரே சோதனை தேடும் பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி மாற்றிப் பார்ப்பது. ஃபியூஸ் பெட்டியில் அதே எண்ணும் அதே கால் அமைப்பும் உள்ள வேறொரு ரிலே பெரும்பாலும் இருக்கும். அதைக் கழற்றி ஹார்ன் ரிலேயின் இடத்தில் செருகிப் பார்க்கலாம். ஹார்ன் ஒலித்தால் பழைய ரிலேதான் குற்றவாளி. மாற்று ரிலே கிடைக்காதபோது, ரிலேயைக் கழற்றிவிட்டு, அதன் இருக்கையில் 30, 87 ஆகிய முனைகளை ஃபியூஸ் பொருத்திய வயரால் ஒரு கணம் இணைக்கலாம். ஹார்ன் ஒலித்தால் வலுக்கிளை முழுவதும் நன்றாக இருக்கிறது.

ஹார்னையே நேராகச் சோதித்தல்

வலுக்கிளையில் குறை என்று தெரிந்தபின் ஹார்னின் கப்ளரைக் கழற்ற வேண்டும். 15 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்திய வயர் ஒன்றைப் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்தும், இன்னொரு வயரை நெகட்டிவிலிருந்தும் கொண்டுவந்து ஹார்னின் இரு முனைகளில் ஒரு நொடி மட்டும் தொட வேண்டும். ஒரே ஒரு முனை உள்ள ஹார்னுக்கு அதன் உலோக உடலே எர்த். இரண்டு மீட்டர் தொலைவிலேயே 105 டெசிபலுக்குக் குறையாத ஒலி எழுப்பும் கருவி இது. எனவே முகத்தை அருகில் வைத்துக்கொண்டு சோதிக்கக் கூடாது. காதடைப்பான் அணிவது நல்லது. குழந்தைகளை அப்பால் அனுப்பிவிட வேண்டும்.

ஹார்ன் நன்றாக ஒலித்தால் அது நலமாக இருக்கிறது. குறை வயரிலோ கப்ளரிலோ எர்த்திலோ இருக்கிறது. ஒலிக்காவிட்டால் மல்டிமீட்டரில் ஓம் அளவைப் பார்க்கலாம். ஓய்வில் இருக்கும்போது பாயின்ட்டுகள் மூடியிருப்பதால் ஒரு ஓம் அளவு காட்ட வேண்டும். மீட்டர் எதுவும் காட்டாமல் திறந்த சுற்று என்றால் பாயின்ட்டுகளில் கரியோ துருவோ படிந்திருக்கிறது, அல்லது சுருள் அறுந்திருக்கிறது. நெடுநாள் பயன்படாமல் கிடந்த ஹார்னை மின்சாரம் கொடுத்தபடியே ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டினால் சில சமயம் பாயின்ட்டுகள் விழித்துக்கொள்ளும். ஆனால் அது தற்காலிக நிவாரணமே.

இரண்டு ஹார்ன்களில் ஒன்று மட்டும் ஒலிக்கவில்லை என்றால் வேலை இன்னும் எளிது. ஒரே வகை முனைகள் உள்ள இரு ஹார்ன்களின் கப்ளர்களையும் மாற்றி மாட்டிப் பார்க்கலாம். ஊமையாக இருந்த ஹார்ன் இப்போது ஒலித்தால் குறை வயரில். அப்போதும் ஒலிக்காவிட்டால் குறை ஹார்னில்.

மீட்டரை ஏமாற்றும் மின்தடை

வீட்டில் பழுதுபார்ப்போரை அதிகம் குழப்புவது இந்தக் கட்டம்தான். கப்ளரைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும்; ஹார்னை மாட்டினால் ஒலி வராது, அல்லது கரகரக்கும். மின்சாரம் வருகிறதே என்று நினைத்து நல்ல ஹார்னைத் தூக்கி எறிபவர்கள் உண்டு.

இதன் காரணம் மல்டிமீட்டரின் இயல்பில் இருக்கிறது. வோல்ட் அளக்கும்போது மீட்டர் எடுத்துக்கொள்ளும் மின்னோட்டம் ஏறத்தாழ இல்லையென்றே சொல்லலாம். களிம்பு ஏறிய முனையில் அரை ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். மின்னோட்டமே இல்லாதபோது அந்த அரை ஓமில் வோல்ட் இழப்பும் இல்லை. மீட்டர் முழு 12.6 வோல்ட்டைக் காட்டுகிறது. அதே முனையின் வழியாக ஹார்னுக்கு 6 ஆம்பியர் பாயும்போது 3 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகிறது. ஹார்னுக்குக் கிடைப்பது 9.6 வோல்ட். காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே வோல்ட் கால்பங்கு குறைந்தால் இழுவிசை ஏறத்தாழப் பாதியாகிவிடும். தகடு போதுமான அளவு வளையாது, குரல் கம்மும். தொலைந்த ஆற்றலும் சும்மா போவதில்லை. அந்த முனையில் 18 வாட் வெப்பமாக வெளிப்பட்டு, கப்ளரின் பிளாஸ்டிக்கை இளக்குகிறது.

ஆகவே இந்தச் சோதனையைச் சுமை ஏற்றிய நிலையில் செய்ய வேண்டும். ஹார்ன் இணைந்திருக்கும்போதே, பட்டனை அமுக்கச் சொல்லி, ஹார்னின் இரு முனைகளுக்கு நடுவே வோல்ட்டைப் பார்க்கலாம். அது பேட்டரியின் வோல்ட்டை விட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் தடை இருக்கிறது. அது பாசிட்டிவ் பக்கமா, எர்த் பக்கமா என்று அறிய, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ஹார்னின் எர்த் முனையிலும் வைத்துப் பட்டனை அமுக்க வேண்டும். மீட்டர் ஏறத்தாழப் பூஜ்யம் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 2, 3 வோல்ட் காட்டினால் எர்த்தில்தான் குறை. மீட்டர் இல்லாதவர்கள் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை டெஸ்ட் லாம்பாகப் பயன்படுத்தலாம். அது சுமார் 1.75 ஆம்பியர் எடுப்பதால், வழியில் தடை இருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

தடை உருவாகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: கப்ளரின் முனைகள், எர்த் போல்ட், ஹார்ன் பொருத்திய பிராக்கெட். செம்பு முனையில் பச்சைக் களிம்பும் இரும்பில் துருவும் படிந்திருப்பது கண்ணுக்கே தெரியும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும் வரை தேய்த்து, தளர்ந்த முனைகளை இடுக்கியால் லேசாக நெருக்கி, இறுக்கமாக மாட்ட வேண்டும். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிட வேண்டும். மாட்டி முடித்தபின் மேலே மெல்லிய வாசலின் பூசினால் ஈரம் அண்டாது. கடலோர ஊர்களில் ஓடும் கார்களுக்கு இது மிகவும் தேவை; உப்புக்காற்று களிம்பையும் துருவையும் விரைவாக வளர்க்கிறது.

குரலைச் சரிசெய்யும் திருகு

வழியெல்லாம் சரியாக இருந்தும் ஹார்ன் கரகரத்தால் பாயின்ட்டுகளின் இடைவெளி மாறியிருக்கலாம். பல ஹார்ன்களின் பின்புறத்திலோ ஓரத்திலோ ஒரு சிறு திருகு இருக்கும். அதன் மேல் பெயின்ட்டோ அரக்கோ பூசி மூடியிருப்பார்கள். பாயின்ட்டுகளின் நிலையை மாற்றுவது இந்தத் திருகுதான். தட்டு ஹார்னின் முன்பக்க நடுவில் தெரியும் பெரிய நட்டு வேறு. அது தட்டைத் தாங்கி நிற்பது. அதைத் தொடக் கூடாது.

திருகை ஒரு திசையில் அதிகம் திருப்பினால் பாயின்ட்டுகள் எப்போதும் பிரிந்தே இருக்கும். மின்சாரம் பாயாது; ஒலியும் வராது. மறுதிசையில் அதிகம் திருப்பினால் பாயின்ட்டுகள் பிரியவே மாட்டா. ‘டக்’ என்று ஒரே ஒரு தட்டு கேட்கும். பிறகு ஒலி இல்லை, சுருள் மட்டும் சூடாகும். இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையேதான் ஹார்ன் பாடும். திருகின் இப்போதைய நிலையை முதலில் பெயின்ட்டால் குறித்துக்கொள்ள வேண்டும். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, ஒரு நொடி ஒலிக்கச்செய்து, கேட்டு, மறுபடியும் திருப்ப வேண்டும். பழைய பட்டறைக் கையேடுகள் சொல்லும் முறை இது: திருகை இடஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே போய், ஒலி நின்றுபோகும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து வலஞ்சுழியாக ஏறத்தாழக் கால் சுற்றுத் திரும்பினால் சரியான நிலை கிடைக்கும். வடிவமைப்புக்கேற்பத் திசை மாறலாம் என்பதால் காதையே நம்ப வேண்டும். ‘டக்’ என்ற தனித் தட்டு கேட்டால் உடனே மின்சாரத்தை விலக்கிவிட்டு, திருகைப் பின்னோக்கித் திருப்ப வேண்டும்.

மீட்டரில் 10 ஆம்பியர் அளவு இருந்தால் அதையும் வழியில் இணைத்துப் பார்க்கலாம். ஹார்னின் உடலில் பொறித்திருக்கும் ஆம்பியர் அளவைத் தாண்டாமல், ஒலி தெளிவாகவும் உரக்கவும் இருக்கும் நிலையே சிறந்தது. ஆம்பியர் கூடக் கூட ஒலி சிறிது கூடலாம். ஆனால் பாயின்ட்டுகள் விரைவில் கரியும். வேலை முடிந்ததும் திருகின் தலையைச் சிலிக்கான் பசையால் மூட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழையில் அந்தத் துளை வழியாகவே நீர் உள்ளே போய்விடும்.

சுற்றிலும் மடித்து அடைத்த ஹார்ன்களைத் திறக்க முயல்வது வீண். திறந்தால் மறுபடி நீர்புகாமல் மூட முடியாது. பாயின்ட்டுகள் இல்லாமல் டிரான்சிஸ்டரால் இயங்கும் மின்னணு ஹார்ன்களிலும் சரிசெய்யத் திருகு இருக்காது. இவை பழுதானால் மாற்றுவதே வழி.

ஹார்ன் பொருத்திய விதமும் குரலைப் பாதிக்கும். ஹார்னின் உடல் பம்பரையோ ரேடியேட்டர் சட்டத்தையோ தொட்டுக்கொண்டிருந்தால் அதிர்வு அடங்கி, ஒலி மட்டுப்படும். பிராக்கெட் தளர்ந்திருந்தால் நறநறவென்று கேட்கும். நத்தை வடிவ ஹார்னின் வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் குழலுக்குள் நீர் தேங்கி, குரல் அடைக்கும்.

ஸ்டீயரிங் பக்கம்: எங்கே நிறுத்துவது

‘டிக்’ ஒலியே இல்லாமல், ரிலேயும் நன்றாக இருந்தால் குறை பட்டன் பக்கத்தில். ஸ்டீயரிங் சுழலும்போதும் அதிலுள்ள பட்டன்களுக்கும் ஏர்பேக்குக்கும் மின்தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க, கிளாக் ஸ்பிரிங் எனப்படும் சுருண்ட ரிப்பன் கேபிள் ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பும்போது அது சுருங்கியும், மறுபக்கம் திருப்பும்போது விரிந்தும் கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் வளைந்து வளைந்து அதன் மெல்லிய செம்புப் பட்டைகள் முறிந்துபோகும். ஸ்டீயரிங் ஒரு நிலையில் இருக்கும்போது ஹார்ன் ஒலித்து, திருப்பினால் நின்றுவிட்டால் இதையே சந்தேகிக்க வேண்டும். ஹார்னோடு சேர்ந்து ஆடியோ பட்டன்களும் வேலை செய்யாமல், ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

வீட்டு வேலை இங்கே நிற்க வேண்டும். கிளாக் ஸ்பிரிங்கை எடுக்க ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும். ஏர்பேக்குக்குள் வெடித்து வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. அதைத் தூண்டச் சிறு மின்னோட்டம் போதும். மஞ்சள் நிற கப்ளர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. மல்டிமீட்டர் முனையை அவற்றில் வைப்பதே ஆபத்து. இந்த வேலையைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதுதான் அறிவுடைமை. கணினிப் பெட்டி வழியாக ஹார்ன் இயங்கும் கார்களிலும், ஃபியூஸும் ஹார்னும் எர்த்தும் நன்றாக இருப்பது தெரிந்தபின், ஸ்கேனர் உள்ள பட்டறையை நாடுவதே சரி.

நிற்காமல் ஒலித்தால்

ஹார்ன் தானாக ஒலித்துக்கொண்டே இருந்தால் முதலில் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கி அடக்க வேண்டும். ரிலேயைக் கழற்றியதும் ஒலி நின்று, மாற்று ரிலே போட்டபின் எல்லாம் ஒழுங்காக இருந்தால், பழைய ரிலேயின் பாயின்ட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன என்று பொருள். மாற்று ரிலேயோடும் ஒலி தொடர்ந்தால் ஸ்டீயரிங் பட்டன் உள்ளே சிக்கியிருக்கிறது, அல்லது அதன் வயர் எங்கோ உரசி எர்த்தைத் தொடுகிறது. ரிலேயைக் கழற்றியும் ஒலி நிற்காவிட்டால், ரிலேக்கும் ஹார்னுக்கும் இடையிலுள்ள வயர் வேறொரு பாசிட்டிவ் வயரோடு உருகி ஒட்டியிருக்கக்கூடும். வயர்க்கட்டு முழுவதையும் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை அது.

புதிய ஹார்ன் பொருத்தும்போது

மாற்றுவதென்று முடிவானால் அதே 12 வோல்ட் அளவும், பழையதற்கு நெருங்கிய ஆம்பியர் அளவும் உள்ளதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹார்ன் தயாரிப்பில் புகழ்பெற்ற ரூட்ஸ் நிறுவனம் கோயம்புத்தூரில் இயங்குகிறது. தரமான ஹார்ன்கள் தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைக்கின்றன. ஒற்றை ஹார்ன் இருந்த காரில் இரட்டை ஹார்ன் மாட்டினால் பழைய வயரை நம்பக் கூடாது. போகவர 4 மீட்டர் நீளமுள்ள 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 10 ஆம்பியர் பாய்ந்தால் சுமார் 1.4 வோல்ட் இழப்பாகும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அந்த இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. எனவே தனி ரிலே, தனி ஃபியூஸ், தடித்த வயர் ஆகியவற்றோடு பேட்டரியிலிருந்து நேராக இணைப்புக் கொடுத்து, பழைய ஹார்ன் வயரை ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்துவதே முறை.

ஒலியின் அளவுக்குச் சட்டத்தின் எல்லையும் உண்டு. வாகன ஹார்ன்கள் குறித்த ஐக்கிய நாடுகள் சபையின் 28ஆம் எண் ஒழுங்குவிதி, 2 மீட்டர் தொலைவில் கார் ஹார்னின் ஒலி 105க்குக் குறையாமலும் 118 டெசிபலைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 119ஆம் விதி, அடுத்தடுத்துப் பல சுரங்களில் ஒலிப்பவை, அளவுமீறிக் கடுமையாகவோ கீச்சென்றோ அச்சமூட்டும்படியோ ஒலிப்பவை ஆகிய ஹார்ன்களைத் தடை செய்கிறது. தேவையின்றியோ, ஹார்ன் ஒலிக்கத் தடை என்ற போக்குவரத்துக் குறியீடு உள்ள இடத்திலோ ஹார்ன் ஒலிப்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவு முதல் முறை 1000 ரூபாயும், அடுத்த முறைகளில் 2000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது.

பொருத்தி முடித்தபின் எஞ்சின் நின்றிருக்கும்போது ஒரு முறையும், ஓடும்போது ஒரு முறையும் ஒலிக்கச்செய்து பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினில் ஆல்டர்னேட்டர் சுமார் 14 வோல்ட் தருவதால் ஒலி சற்றுக் கூடும். இரண்டு நிலைகளுக்கும் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்தால் வழியில் இன்னும் ஒரு தடை மிச்சமிருக்கிறது, அல்லது பேட்டரி தளர்ந்துவிட்டது. கடைசியாக, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியபடி பட்டனை அமுக்கிப் பார்க்க வேண்டும். எல்லா நிலையிலும் ஒரே சீராக ஒலித்தால் பழுது முழுமையாக நீங்கிவிட்டது.